விளிம்பின் திசையை யார் தீர்மானிப்பது? நெடெலெக் எலிமெண்டில் குறி மாறுகிறது

மெஷ்கண்ணி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மின்காந்தக் கணக்குக்காகச் சொந்தமாக ஒரு சின்ன ஃபைனைட் எலிமெண்ட் (பரப்பைச் சின்னத் துண்டுகளாக வெட்டித் தீர்க்கும் முறை) நிரல் பைத்தானில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரு பரிமாணம், முக்கோணங்கள், நெடெலெக்கின் முதல் படி எலிமெண்ட், அதாவது விளிம்புக்கு ஒரே ஒரு மாறி, அந்த விளிம்பின் வழியே போகும் தொடுகோட்டுக் கூறின் தொகையீடு.

ஒரு சதுரத்தை நானே கட்டம் போட்டு, எல்லாக் கட்டத்தையும் ஒரே பக்கமாகக் குறுக்கே வெட்டிச் செய்த மெஷ்ஷில் (முக்கோண வலையில்) விடை கச்சிதமாக வருகிறது, மெஷ்ஷைப் பாதியாக்கினால் பிழையும் பாதியாகிறது. அதே சதுரத்தை ஜிமெஷ் என்ற மெஷ் போடும் மென்பொருளில் மெஷ் செய்து கொண்டுவந்தால் எதுவும் சரியில்லை. நுணுக்க நுணுக்கப் பிழை அப்படியே நிற்கிறது, படம் போட்டுப் பார்த்தால் பக்கத்துப் பக்கத்து முக்கோணங்களில் அம்புகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருக்கின்றன. அதே மெஷ்ஷில் சாதாரண முனை எலிமெண்டை (முனைக்கு ஒரு மாறி) வைத்து வெப்பக் கணக்குப் போட்டால் சரியாகவே வருகிறது, ஆகவே மெஷ்ஷில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை.

ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் விளிம்புகளை முதல் முனையிலிருந்து இரண்டாவதற்கு, முதலிலிருந்து மூன்றாவதற்கு, இரண்டிலிருந்து மூன்றாவதற்கு என்று வைத்திருக்கிறேன். விளிம்புக்கு "திசை" வேண்டும் என்று படித்தேன், ஆனால் அந்தத் திசையை எங்கே வைத்துக்கொள்வது, யார் தீர்மானிப்பது, பிறகு நான்முகிக்கும் உயர்படிப் பல்லுறுப்புக்கோவைகளுக்கும் போனால் இதே வழி தாங்குமா என்பது புரியவில்லை. விளக்கினால் பெரிய உதவி.

---

தொடுகோடு எழுதியது:

இது மிக முக்கியமான கேள்வி, ஏனென்றால் பாடப்புத்தகங்கள் இதை ஒரே வரியில் கடந்துபோய்விடும், நிரல் எழுத உட்காருபவர் தலையில்தான் வந்து விழும்.

முதலில் நடப்பதைக் கிட்டத்தில் பாருங்கள். உங்கள் ஜிமெஷ் மெஷ்ஷில் 7-ஆம் முனைக்கும் 12-ஆம் முனைக்கும் நடுவே ஒரு விளிம்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஒரு பக்க முக்கோணம் (7, 12, 4), மறுபக்கம் (12, 7, 20). இரண்டும் இடஞ்சுழியாக எழுதப்பட்டவை. இடஞ்சுழியாகப் போகும் இரண்டு முக்கோணங்கள் பொது விளிம்பை எப்போதும் எதிரெதிராகத்தான் கடக்கும், அதைத் தவிர்க்கவே முடியாது. உங்கள் விதிப்படி முதல் முக்கோணம் இந்த விளிம்பை 7-லிருந்து 12-க்கு என்று நினைக்கிறது, இரண்டாவது 12-லிருந்து 7-க்கு என்று நினைக்கிறது. ஆனால் அசெம்பிளியில் (எலிமெண்ட் அணிகளைப் பெரிய அணியில் கூட்டும் இடத்தில்) இருவரும் ஒரே மாறியில் கொண்டுபோய்க் கூட்டுகிறார்கள். அந்த மாறியின் மதிப்பு 0.3 என்று வந்தால் ஒருவர் அதை வலப்பக்கம் 0.3 என்று படிக்கிறார், இன்னொருவர் இடப்பக்கம் 0.3 என்று படிக்கிறார். தொடுகோட்டுக் கூறு தொடர்ச்சியாக இருக்க வேண்டிய இடத்தில் குறி புரண்டுவிடுகிறது. உங்கள் படத்தில் முட்டிக்கொள்ளும் அம்புகள் இவைதான். மெஷ்ஷை நுணுக்கினால் இது தீராது, ஏனென்றால் இது தோராயப் பிழையே அல்ல, நீங்கள் தீர்ப்பது வேறொரு கணக்கு.

அடிப்படைச் சார்பை எழுதிப் பார்த்தாலும் இது தெரிந்துவிடும். அ, ஆ என்ற முனைகளுக்கு நடுவிலுள்ள விளிம்பின் சார்பு: அ-வின் பேரிசென்ட்ரிக் ஆயத்தொலை (அ-வில் 1, மற்ற முனைகளில் 0 என்று சீராக மாறும் சார்பு) பெருக்கல் ஆ-வின் ஆயத்தொலையின் கிரேடியண்ட், அதிலிருந்து ஆ-வின் ஆயத்தொலை பெருக்கல் அ-வின் ஆயத்தொலையின் கிரேடியண்டைக் கழிக்க வேண்டும். அ-வையும் ஆ-வையும் இடம் மாற்றினால் முழுச் சார்பும் எதிர்க்குறி ஆகிவிடும். முனை எலிமெண்டில் இப்படி எதுவும் கிடையாது, முனைக்குத் திசை இல்லை, அதனால்தான் வெப்பக் கணக்கு தப்பித்தது.

சரி, கட்டம் போட்ட மெஷ்ஷில் ஏன் சரியாக வந்தது? கட்டத்தின் முனைகளை வரிசை வரிசையாக எண்ணிட்டு, ஒவ்வொரு முக்கோணத்தையும் சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு எழுதியிருப்பீர்கள். அப்படி எழுதினால் இரண்டு பக்கமும் தானாகவே ஒத்துப்போய்விடும். ஜிமெஷ் தரும் எண்களுக்கு அந்த ஒழுங்கு கிடையாது, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆகவே விதி இதுதான்: திசை விளிம்பின் சொத்து, முக்கோணத்தின் சொத்து அல்ல. தெருவில் கதவு எண் எந்தக் கோடியிலிருந்து தொடங்குகிறது என்பது தெருவோடு போகிற விஷயம், நீங்கள் எந்தப் பக்கமாக நுழைந்தாலும் அது மாறாது இல்லையா, அப்படி. எல்லோரும் கையாளும் எளிய ஏற்பாடு, சிறிய முனை எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு. இந்த விளிம்பு எப்போதும் 7-லிருந்து 12-க்கு. முதல் முக்கோணத்தில் மூன்று விளிம்புக்கும் குறிகள் +1, −1, −1 என்று வரும், ஏனென்றால் 7-லிருந்து 4-ம் 12-லிருந்து 4-ம் இறங்குமுகம். இரண்டாவதில் −1, +1, +1. அசெம்பிளியில் எலிமெண்ட் அணியின் ஒவ்வொரு உறுப்பையும் கிடைவரிசையின் குறியாலும் நெடுவரிசையின் குறியாலும் பெருக்கிவிட வேண்டியதுதான்.

அணியைப் பெருக்கிவிட்டு வலப்பக்க வெக்டரை விட்டுவிடாதீர்கள், அதற்கும் ஒரு குறி உண்டு. அப்புறம் விடை வந்தபின் படம் போடும்போதும், பிழையை அளக்கும்போதும், எல்லை மதிப்பை வைக்கும்போதும் அதே குறிகளை எடுத்தாக வேண்டும். குறிகளைப் பெருக்கும் வேலையை நிரலின் ஒரே ஒரு சார்பில் (ஃபங்ஷனில்) வைத்து, புலத்தின் மதிப்பு எங்கே தேவைப்பட்டாலும் அந்தச் சார்பு வழியாகவே போங்கள்.

சோதிக்க நல்ல வழி ஒன்று உண்டு. பக்க நீளம் பை இருக்கும் சதுரம், சுற்றிலும் மின்கடத்திச் சுவர். அதன் மேக்ஸ்வெல் ஐகன் மதிப்புகள் (ஒத்ததிர்வு அதிர்வெண்களின் வர்க்கத்தைக் குறிக்கும் எண்கள்) 1, 1, 2, 4, 4, 5, 5, 8 என்று போகும். அவற்றோடு ஒரு கூட்டம் பூஜ்ஜிய ஐகன் மதிப்புகளும் வரும், அவற்றின் எண்ணிக்கை மெஷ்ஷின் உட்புற முனைகளின் எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும், ஒன்றுகூடக் கூடவோ குறையவோ கூடாது, ஏனென்றால் அவை உட்புற முனைகளின் தொப்பிச் சார்புகளுடைய (அந்த முனையில் 1, மற்ற முனைகளில் 0 ஆகும் சார்புகள்) கிரேடியண்டுகள். குறி ஓரிடத்தில் தப்பினாலும் இந்த எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிடும். அதோடு, முனை எண்களைக் கலைத்துப்போட்டுத் திரும்ப ஓட்டுங்கள். ஐகன் மதிப்பு நகர்ந்தால் எங்கோ எண்ணிடலைச் சார்ந்த கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.

---

பியோலா எழுதியது:

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் குறிகளைச் சுமந்துகொண்டே அலைவதைவிட, முக்கோணத்துக்கும் நான்முகிக்கும் இன்னும் சுலபமான வழி இருக்கிறது: மெஷ்ஷைப் படித்த கையோடு ஒவ்வொரு எலிமெண்டின் முனைகளையும் ஏறுவரிசையில் அடுக்கிவிடுங்கள். (12, 7, 20) என்பது (7, 12, 20) ஆகிவிடும், (7, 12, 4) என்பது (4, 7, 12) ஆகிவிடும். அதன்பின் உங்கள் உள் விதியும் பொது விதியும் ஒன்றே, குறி என்ற பேச்சே எழாது. ஃபெனிக்ஸ் என்ற ஃபைனைட் எலிமெண்ட் மென்பொருளின் பழைய பதிப்பு இப்படித்தான் செய்தது, ரோக்னஸ், கிர்பி, லாக் மூவரும் 2009-இல் எழுதிய கட்டுரையில் இதை விளக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. அடுக்கிய பிறகு ஏறக்குறையப் பாதி முக்கோணங்கள் வலஞ்சுழி ஆகிவிடும், ஜாகோபியனின் (மாதிரி முக்கோணத்தை உண்மை முக்கோணமாக்கும் அணி) அணிக்கோவை அங்கே எதிர்மறையாக வரும். தொகையீட்டின் பரப்பளவுக்கு அதன் மட்டு மதிப்பை எடுக்க வேண்டும். ஆனால் விளிம்பின் செங்குத்துக் கூறை மாறியாக வைக்கும் ராவியார்-தோமா எலிமெண்டுக்குப் பியோலா உருமாற்றம் (மாதிரி முக்கோணத்துப் புலத்தை உண்மை முக்கோணத்துக்குக் கொண்டுவருவது) செய்யும்போது அணிக்கோவையால் வகுக்கிறோமே, அங்கே மட்டு எடுத்துவிடக் கூடாது, குறியோடுதான் வகுக்க வேண்டும். அந்தக் குறிதான் இரண்டு பக்கத்தின் செங்குத்துத் திசையையும் ஒன்றாக்குகிறது. ஒரே அணிக்கோவை ஓரிடத்தில் மட்டோடும் இன்னோரிடத்தில் குறியோடும் வருவதால், நிரலில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வையுங்கள்.

நெடெலெக்குக்கு இந்தக் கவலை இல்லை, அங்கே உருமாற்றம் ஜாகோபியனின் நேர்மாறை இடமாற்றிப் பெருக்குவதுதான், அணிக்கோவை தனியாக வராது.

---

தொடுகோடு எழுதியது:

அடுக்கும் வழியை நான் மறுக்கவில்லை, ஆனால் சொந்த நிரலில் முதல் தடவை எழுதுபவருக்கு அதைச் சொல்லத் தயங்குவேன். எலிமெண்ட் இடஞ்சுழி என்று நம்பி எழுதிய வரிகள் நிரல் முழுக்க இருக்கும், வெளிப்புறச் செங்குத்தைக் கணக்கிடும் இடம், கோப்பில் எழுதும் இடம், பிறர் எழுதிய தொகுப்பைக் கூப்பிடும் இடம் எல்லாம் அப்படித்தான். மெஷ்ஷைத் தொடாமல் குறியை மட்டும் தனி அணிவரிசையில் வைத்தால் இவை எதுவும் அசையாது. முதல் படிக்கு விளிம்புக்கு ஒரு குறி, அவ்வளவுதானே.

---

மெஷ்கண்ணி எழுதியது:

இருவருக்கும் நன்றி. குறி வழியை எடுத்துக்கொண்டேன். உட்புற முனைகளின் எண்ணிக்கையும் பூஜ்ஜிய ஐகன் மதிப்புகளின் எண்ணிக்கையும் இப்போது ஒன்றாக வருகின்றன, முனைகளைக் கலைத்துப்போட்டாலும் மற்ற மதிப்புகள் அசையவில்லை.

இரண்டு கேள்விகள் மிச்சம். உயர்படிக்குப் போனால் இந்தக் குறி மட்டும் போதுமா? பிறகு, எங்கள் குழுவில் ஹெக்ஸ் (ஆறு நாற்கர முகங்கள் கொண்ட பெட்டி வடிவ எலிமெண்ட்) மெஷ்தான் அதிகம், அங்கேயும் சிறியதிலிருந்து பெரியது என்ற விதியே செல்லுமா?

---

முகப்பலகை எழுதியது:

உயர்படிக்குக் குறி மட்டும் போதாது.

முதலில் விளிம்பு. சாதாரண லாக்ராஞ்ச் எலிமெண்டிலேயே (புள்ளிகளில் உள்ள மதிப்புகளே மாறிகள்) இது வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டாம் படியில் விளிம்பின் நடுவே ஒரே புள்ளி, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நடு நடுதான். மூன்றாம் படியில் மூன்றில் ஒரு பங்கிலும் மூன்றில் இரண்டு பங்கிலும் இரண்டு புள்ளிகள், இங்கே திசை மாறினால் குறி மாறாது, வரிசை மாறும். இரண்டாம் படிவரை ஒழுங்காக ஓடிய நிரல் மூன்றாம் படியில் திடீரென்று ஒருங்காமல் போனால் முதலில் இதைப் பாருங்கள்.

முப்பரிமாணத்தில் முகம் வருகிறது. நான்முகியின் முக்கோண முகத்துக்குள் மூன்றாம் படி லாக்ராஞ்சில் ஒரு புள்ளி, பிரச்சினை இல்லை. நான்காம் படியில் மூன்று புள்ளிகள், இரண்டு பக்க நான்முகிகளும் அந்த முகத்தை மூன்று சுழற்சி, அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதிபலிப்பு என்று ஆறு விதமாகப் பார்க்கலாம், ஆகவே ஆறு வரிசைமாற்றங்கள். நாற்கர முகமாக இருந்தால் எட்டு.

நெடெலெக் இரண்டாம் படிக்கு வந்தால் நிலைமை இன்னும் மாறுகிறது. நான்முகியின் முகத்துக்கு இரண்டு மாறிகள், இரண்டும் முகத்தின் தளத்திலேயே கிடக்கும் இரண்டு திசைகளைச் சார்ந்தவை. முகத்தின் முனைகள் அ, ஆ, இ என்றால் முதல் திசை அ-விலிருந்து ஆ-வுக்கு, இரண்டாவது அ-விலிருந்து இ-க்கு. பக்கத்து நான்முகி இதே முகத்தை ஆ, இ, அ என்று ஒரு சுற்று சுழற்றிப் பார்க்கிறது. அதன் முதல் திசை ஆ-விலிருந்து இ-க்கு, அதாவது நம்முடைய இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தது. அதன் இரண்டாவது திசை ஆ-விலிருந்து அ-வுக்கு, அதாவது நம்முடைய முதலாவதின் எதிர். பாருங்கள், இங்கே வெறும் இடமாற்றமும் இல்லை, வெறும் குறிமாற்றமும் இல்லை, ஒரு மாறி மற்ற இரண்டின் கலவை. முதல் வரிசை −1, 1, இரண்டாம் வரிசை −1, 0 என்ற 2×2 அணியால் பெருக்கியாக வேண்டும். குறி அணிவரிசையை மட்டும் நம்பிக் கட்டிய நிரல் இங்கே நின்றுவிடும். உயர்படி இலக்கு என்றால் இப்போதே அதைக் குறியாக அல்லாமல் சின்ன அணியாக எண்ணி எழுதுங்கள்.

நான்முகிகளில் மேலே பியோலா சொன்ன அடுக்கல் இதையும் தீர்த்துவிடுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். நான்கு முனைகளும் ஏறுவரிசையில் இருந்தால் ஒவ்வொரு முகமும் தன் முனைகளை ஏறுவரிசையிலேயே பார்க்கும், இரண்டு பக்கமும் ஒன்றையே பார்க்கும். எஞ்சுவது நேர் அணிக்கோவை, எதிர் அணிக்கோவை என்று இரண்டே வகை நான்முகிகள். உயர்படியில் நான் பியோலா பக்கம்தான்.

ஹெக்ஸுக்கு அடுக்கல் செல்லாது. நாற்கரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், சுற்றி வந்தால் முனைகள் 5, 9, 6, 8. சிறியதிலிருந்து பெரியது என்றால் 5-லிருந்து 9-க்கு ஒரு விளிம்பு, அதன் எதிர் விளிம்பு 6-லிருந்து 8-க்கு. சுற்றி வரும்போது இரண்டும் ஒரே சுழற்சியில் போகின்றன, அதாவது எதிரெதிர் விளிம்புகள் ஒன்றுக்கொன்று எதிர்முகமாக நிற்கின்றன. ஆனால் மாதிரிச் சதுரத்தில் (அடிப்படைச் சார்புகளை எழுதி வைத்திருக்கும் சதுரம்) அவை இணையாக ஒரே முகமாக ஓடுபவை. எந்த முனையிலிருந்து தொடங்கி எப்படி எழுதினாலும் இந்த நாற்கரம் மாதிரிச் சதுரத்தோடு பொருந்தாது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எண்ணை விட்டுவிட்டு மெஷ்ஷுக்கே திசை கண்டுபிடிப்பது. ஒரு விளிம்புக்குத் திசை கொடுங்கள், அதே நாற்கரத்தின் எதிர் விளிம்புக்கும் அதே திசை, அதைத் தாண்டிப் பக்கத்து நாற்கரம், அங்கேயும் எதிர் விளிம்பு, இப்படி ஒரு பட்டை மெஷ்ஷின் எல்லையை முட்டும்வரையோ தொடங்கிய இடத்துக்கே திரும்பும்வரையோ போகும். சமதளத்தில் அந்தப் பட்டை முறுக்கிக்கொண்டு திரும்ப முடியாது, அதனால் முரண் வராது, எல்லா நாற்கர மெஷ்ஷுக்கும் இது முடியும். மோபியஸ் பட்டை போன்ற பரப்பில் மட்டும் மாட்டிக்கொள்ளலாம். ஹெக்ஸில் பட்டைக்குப் பதிலாக ஒரு தகடு பரவுகிறது, ஒவ்வொரு ஹெக்ஸிலும் நான்கு இணை விளிம்புகளை அது வெட்டிக்கொண்டு போகும். சாதாரண முப்பரிமாண வெளியிலேயே அந்தத் தகடு முறுக்கிக்கொள்ள முடியும், ஆகவே எல்லா ஹெக்ஸ் மெஷ்ஷுக்கும் திசை கொடுக்க முடியாது. அகெலெக், ஆண்டர்சன், பாங்கெர்த், பார்த் நால்வரும் 2017-இல் இதையெல்லாம் நிறுவி, எலிமெண்டுகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் ஓடும் வழிமுறையும் கொடுத்தார்கள். பட்டை பல பிராசஸர்களைத் தாண்டி ஓடும்போது என்ன செய்வது என்பதற்கு ஹோமோல்யாவும் ஹாமும் 2016-இல் வழி சொன்னார்கள், ஃபயர்டிரேக் மென்பொருளுக்காக.

இரண்டாவது வழி, மெஷ்ஷைத் தொடாமல் ஒவ்வொரு எலிமெண்டும் தன் விளிம்பையும் முகத்தையும் பொதுத் திசையோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்வது. டீல்-டூ நூலகத்தில் முகத்துக்கு மூன்று ஆம்-இல்லை குறிப்புகள்: திசை, புரட்டல், சுழற்சி. மூன்றும் சேர்ந்து எட்டு நிலைகள், நாற்கர முகத்துக்குத் தேவையான எட்டு. டால்ஃபின்-எக்ஸ் நூலகத்திலும் கிட்டத்தட்ட இதேதான், விளிம்புக்கு ஒரு பிட், முகத்துக்கு மூன்று பிட். ஹெக்ஸுக்கு 12 விளிம்பு, 6 முகம், மொத்தம் 30 பிட், ஒரு 32 பிட் எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. ஸ்க்ராக்ஸ், டோக்கன், ரிச்சர்ட்சன், வெல்ஸ் 2022-இல் எழுதியது இந்த முறையைத்தான்: விளிம்பைத் திருப்பும் அணி, முகத்தைச் சுழற்றும் அணி, முகத்தைப் பிரதிபலிக்கும் அணி, இவற்றை எலிமெண்ட் வகைக்கு ஒரு தடவை கணக்கிட்டு வைத்துக்கொண்டு, பிட்டைப் பார்த்துப் பொருத்திவிடுவது. உங்கள் குழுவில் ஹெக்ஸ் அதிகம் என்றால் நேராக இதற்கே போங்கள். விளிம்பின் திசை இங்கேயும் சிறிய எண்ணிலிருந்து பெரியதற்குத்தான், எதிர் விளிம்புகள் இணையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் போய்விடுகிறது.

---

பியோலா எழுதியது:

இன்னும் ஒரு விஷயம், பிராசஸர்களுக்குப் பிரித்து ஓட்டினால் "சிறிய எண்" என்பது உலகளாவிய முனை எண்ணாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பிராசஸரும் தன் உள்ளூர் எண்ணை வைத்து ஒப்பிட்டால் எல்லையோர விளிம்புகளில் மட்டும் குறி தப்பும், ஒற்றைப் பிராசஸரில் எல்லாம் சரியாக ஓடும், கண்டுபிடிப்பது பெரும்பாடு.

---

மெஷ்கண்ணி எழுதியது:

கடைசியாக ஒன்று. அடுத்து திரும்பத் திரும்ப வரும் கட்டமைப்பு ஒன்றின் ஒரு அலகை மட்டும் எடுத்து, இடது எல்லையையும் வலது எல்லையையும் இணைக்க வேண்டும். இணைத்தபின் எந்த எண்ணை வைத்துத் திசை முடிவு செய்வது?

---

தொடுகோடு எழுதியது:

எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஜோடியை வைத்து முடிவு செய்யுங்கள். இடது எல்லையில் 3, 18 என்று ஒரு விளிம்பு, அதற்கு வலது எல்லையில் நேராக 3-க்கு 40, 18-க்கு 25 என்று வைத்துக்கொள்வோம். இடது விளிம்பு 3-லிருந்து 18-க்கு. வலது விளிம்பு தன் எண்ணின்படி 25-லிருந்து 40-க்கு, இடது பக்கத்து மொழியில் அது 18-லிருந்து 3-க்கு. ஆக வலது மாறி என்பது இடது மாறியின் எதிர்க்குறி. பிளாக் நிபந்தனை (ஒரு அலகைத் தாண்டும்போது புலம் ஒரு அலைக் கட்டக் காரணியால் பெருகும் என்பது) வைத்தால் அந்தக் காரணியோடு இந்த −1-ஐயும் சேர்த்துப் பெருக்க வேண்டும். எல்லை விளிம்புகளை ஜோடி சேர்க்கும் இடத்திலேயே, முனைகளின் ஆயத்தொலையைப் பார்த்து, இந்தக் குறியைக் கணக்கிட்டு ஜோடியோடு வைத்துவிடுங்கள்.

வலது முனைகளுக்கு இடது எண்ணையே கொடுத்து மெஷ்ஷை ஒட்டிவிடலாம் என்று தோன்றும், பெரிய மெஷ்ஷில் அது ஓடவும் ஓடும். ஆனால் அந்தத் திசையில் ஒரே ஒரு எலிமெண்ட் இருந்தால் விளிம்பின் இரண்டு முனையும் ஒரே எண் ஆகிவிடும், சிறியது பெரியது என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டு எலிமெண்ட் இருந்தால் வெவ்வேறு விளிம்புகள் இரண்டுக்கு ஒரே முனை ஜோடி வந்து, முனை ஜோடியைச் சாவியாக வைத்து விளிம்பைத் தேடும் அகராதி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். சின்ன மெஷ்ஷில் சோதனை செய்பவர்கள் மாட்டுவது இங்கேதான். அதனால் முனை எண்ணை மாற்றாமல், விளிம்புக்கு விளிம்பு ஜோடிப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள்.